அவருக்கு மட்டும் தனி வணக்கம்

பெரியநாயக்கன்பாளையத்தில் நான் வேலை பார்க்கும் பம்பு கம்பெனி வாசலில் ஒரு திரை உண்டு. வருகிறவர் முகத்தைக் கேமரா பார்த்ததும், "வணக்கமுங்க, வாங்க" என்று ஒரு பெண் குரல் சொல்லும். ஜாவாஸ்கிரிப்டில் நான் எழுதியது. தான் எழுதியதாக முதலாளியிடம் பேர் வாங்கிக்கொண்டவர் எங்கள் மேனேஜர். அதைக்கூட மன்னித்திருப்பேன்.

மன்னிக்க முடியாதது அந்த மீட்டிங். என்னைவிட வெகு இளையவரான அந்த மேனேஜர், எல்லார் முன்னாலும் கேட்டார்: "ஏனுங்ணா, இன்ஸ்டன்ஸ் மெத்தடுக்கும் ப்ரோட்டோடைப் மெத்தடுக்கும் என்ன வித்தியாசமுங்க?"

தினமும் புழங்குகிற சங்கதிதான். ஆனால் கேள்வியாக வந்தால் என் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

"ரெண்டும் மெத்தடுதானுங்க."

"அண்ணனைப் பென்சன்ல அனுப்பிப்போடலாமுங்க" என்றார். கணக்குப் பிரிவு அம்மணிகூடச் சிரித்தார்.

பிறகு பாடம் நடத்தினார். நிரலில் ஊழியர் ஒவ்வொருவருக்கும் ஓர் ஆப்ஜெக்ட், தனிப்பெட்டி மாதிரி. வணக்கம் சொல்லும் மெத்தட் ப்ரோட்டோடைப் என்ற ஒரே பொது இடத்தில் இருக்கிறது. எல்லாரும் அதைத்தான் பகிர்ந்துகொள்கிறார்கள். ஓர் ஆப்ஜெக்டிலேயே தனியாக ஒட்டினால் அது இன்ஸ்டன்ஸ் மெத்தட். முதலாளி அங்கே இல்லாத தைரியத்தில், உதாரணத்துக்குத் தன் ஆப்ஜெக்டில் ஒன்றை ஒட்டிக் கோப்பில் சேமித்தார்: "வணக்கமுங்க சார், உங்களாலதான் இந்தக் கம்பெனியே நிக்குதுங்க."

அந்த வாரம் முழுக்கக் காந்திபுரம் பஸ்ஸில் "ப்ரோட்டோடைப், ப்ரோட்டோடைப்" என்று முணுமுணுத்தபடியே வந்தேன். மந்திரம் என்று நினைத்துப் பக்கத்து சீட்டுக்காரர் தள்ளி உட்கார்ந்தார்.

ஒரு சாயங்காலம், வாசல் காலியாக இருந்தபோது, திரையில் ஓடிக்கொண்டிருந்த வலைப்பக்கத்திலேயே ஒரு வரி தட்டினேன். கோப்பில் தடயம் இருக்காது. பக்கத்தைப் புதுப்பித்தால் மறைந்துவிடும். மேனேஜர் நுழைந்ததும் அது கேட்க வேண்டியது: "வந்துட்டீங்களா? இன்னிக்கு ஆரு வேலைக்குப் பேரு வாங்கப்போறீங்க?" பின்னால் செருப்புச் சத்தம். அவசரமாக என்டர் தட்டிவிட்டு ஓடினேன்.

மறுநாள் வேடிக்கை பார்க்க எல்லாருக்கும் முன்னால் போய் நின்றேன். திரை என்னைப் பார்த்தது.

"வந்துட்டீங்களா? இன்னிக்கு ஆரு வேலைக்குப் பேரு வாங்கப்போறீங்க?"

முந்தின நாள் தட்டிய வரியை மனசுக்குள் திரும்ப ஓட்டிப்பார்த்தேன். வாரம் முழுக்க ஜெபித்த கை, மேனேஜருடைய ஆப்ஜெக்டை விட்டுவிட்டு ப்ரோட்டோடைப் என்றே தட்டியிருக்கிறது. கீபோர்டோ ராத்திரி பூட்டிவைத்த மேஜை டிராயருக்குள். சாவி ரிசப்ஷன் பெண்ணிடம். அவள் இன்னும் வரவில்லை. வாட்ச்மேன் திட்டு வாங்கினார். கணக்குப் பிரிவு அம்மணி வாங்கினார். குரல் திட்டும்போதும் 'ங்க' போட மறக்கவில்லை. பிறகு முதலாளி கார் வந்து நின்றது. இந்த வயதில் எனக்கு வேறு யார் வேலை தருவார்கள் என்று யோசித்துக்கொண்டே மாதிரிக்கு வைத்திருந்த பம்பின் பின்னால் குனிந்தேன். அது முழங்கால் உயரம்தான்.

முதலாளியும் வாங்கினார். அப்படியே நின்றுவிட்டார். அந்த நேரம் பார்த்து மேனேஜர் உள்ளே வந்தார்.

"வணக்கமுங்க சார், உங்களாலதான் இந்தக் கம்பெனியே நிக்குதுங்க."

"ஏனுங்க," என்றார் முதலாளி, "எங்களையெல்லாம் திட்டுது, உங்களுக்கு மட்டும் கும்புடு போடுது?"

"அது இன்ஸ்டன்ஸ் மெத்தடுங்க."

"மெத்தடு கெடக்கட்டும். ஆரு வெச்சது?"

"நாந்தானுங்க. சும்மா ஒரு உதாரணத்துக்கு..."

முதலாளி குனிந்திருந்த என்னைப் பார்த்தார். "உங்களுக்குப் புரியுதுங்களா?"

என் நாக்கு அன்றைக்கு மேலண்ணத்தை விட்டு இறங்கியது. "பொதுவுல வெச்சது எல்லார்த்துக்கும் ஒண்ணுங்க. தனக்குன்னு ஒருத்தர் ஒட்டிவெச்சுக்கிட்டா மெஷின் அதைத்தான் மொதல்ல பாக்கும். பொதுவுல என்ன மாத்துனாலும் அவரைத் தொடாதுங்க."

எல்லாரும் மேனேஜரைப் பார்த்தார்கள். பொதுவில் மாற்றியது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. இவ்வளவு லட்சணமான குற்றவாளி எதிரே நிற்கும்போது எதற்குக் கேட்கப்போகிறார்கள்?

சாவி வந்ததும் பக்கத்தைப் புதுப்பித்தேன். என் வசவு மறைந்தது. அவருடைய புகழ் கோப்பில் இருந்ததால் அப்படியே நின்றது. அழிக்கட்டுமா என்று பவ்யமாகக் கேட்டேன்.

"இருக்கட்டுமுங்க" என்றார் முதலாளி.

இப்போது தினமும் காலையில் மேனேஜர் வரும் நேரம் பார்த்துத்தான் கணக்குப் பிரிவு அம்மணிக்கு வாசல் பக்கம் தண்ணீர் பிடிக்க வேண்டியிருக்கிறது. மேனேஜரோ சில நாளாகப் பின்கேட் வழியாக வருகிறார். அங்கேயும் ஒரு திரை வைக்கச் சொல்லி முதலாளி என்னிடம் சொல்லியிருக்கிறார்.