மாடியறைக்கு வராத நெட்

அயர்லாந்தில் ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸாக இருக்கும் என் மனைவிக்கு மதியம் இருபது நிமிடம் இடைவேளை. இங்கே, கேரள எல்லையோரத்தில், அப்போது மாலை நாலரை. எங்கள் ஆறு வயது மகளுக்கு ஒரு நாளில் கிடைக்கிற அம்மா அந்த இருபது நிமிடம்தான். அதைக்கூட ஒழுங்காக வாங்கிக்கொடுக்கத் துப்பில்லாத தகப்பனாக ஒன்றரை வருடம் இருந்தேன்.

கீழே முன்னறையில் மோடத்துக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து பேசினால் என்ன என்று கேட்கலாம். பேசிப் பார்த்தோம். பக்கத்து வீட்டிலிருக்கும் என் அக்கா வருவாள், பின்னாலேயே அத்தான் வருவார், சர்ச் சபையிலிருந்து யாராவது வருவார்கள். ஆளுக்கொரு முகமாகப் போனுக்குள் நுழைந்து, அங்கே குளிர் எப்படி, லீவு எப்போது என்று விசாரித்து முடிப்பதற்குள் இடைவேளை தீர்ந்துவிடும். பிள்ளை சோபா ஓரத்தில் நின்றுகொண்டிருப்பாள். ஒருநாள் மனைவி அழுதுவிட்டாள். "எனக்க மோளோட தனியாப் பேசணும். மாடிக்குக் கொண்டு போங்க," என்றாள்.

அதற்காகத்தான் மெஷ் வைஃபை வாங்கினேன். மூன்று வெள்ளைப் பெட்டிகள். ஒன்று மோடத்தோடு, ஒன்று மாடிப்படித் திருப்பத்தில், ஒன்று மாடியறையில். கீழே இருப்பதிலிருந்து படியில் இருப்பது பிடித்து, மேலே இருப்பதற்குக் கொடுக்கும் என்றார் கடைக்காரர்.

எங்கே கொடுத்தது? போனில் வைஃபை கோடுகள் நிறைந்திருக்கும். "மோளே" என்று வாயைத் திறந்த அம்மா திறந்தபடியே நிற்பாள். "அப்பா, அம்மா நின்னுட்டா," என்பாள் மகள். கூப்பிடுவோம், வரும், மறுபடி நிற்கும். பாஸ்வேர்டை மாற்றினேன். இரும்பு பீரோவை அடுத்த அறைக்குத் தள்ளினேன். குண்டூசியால் குத்திக் குத்தி ரீசெட் செய்தேன். உதவி எண்ணில் ஒரு பெண் மலையாளத்தில், அணைத்துவிட்டுப் போடச் சொன்னாள். எத்தனை தடவைதான் அணைப்பது?

கடைசியில் பழியை மனைவி மேல் போட்டேன். "இங்க ஒரு குழப்பமும் இல்ல. உனக்க அங்கத்த நெட்டாக்கும் கொள்ளாது," என்று கத்தினேன். மறுநாளிலிருந்து அவள் இல்லத்தின் வைஃபையை விட்டுவிட்டு, சொந்த டேட்டாவில் பேசுவதற்காக வெளியே கார் நிறுத்துமிடத்தில் மழைக்கோட்டோடு வந்து நின்றாள். மூக்கு சிவந்திருக்கும். அப்போதும் படம் நின்றுதான் போனது. ஆனாலும் நான் சொன்னதைத் திரும்ப எடுக்கவில்லை.

ஊரில் எங்களுக்கு நெட் தருகிறவர் கேபிள்காரர். ஒருநாள் மாலை வந்தார். தனுவச்சபுரத்தில் கல்லூரி ஆய்வக வேலை முடிந்து நான் அப்போதுதான் மகளோடு வந்து வீட்டைத் திறந்தேன். மகள் யூனிஃபார்மோடு மாடிக்கு ஓடினாள். நானும் பின்னால் ஓடி மாடியறைப் பெட்டியின் பிளக்கைப் போட்டேன், இறங்கும்போது படியில், கடைசியாகக் கீழே. அவர் பார்த்துக்கொண்டே நின்றார்.

"சாறே, டெய்லி எல்லாத்தயும் ஊரியா போடுவீங்க?"

ஊராமல், பிடுங்கி வைக்காமல் போக முடியுமா? ஐப்பசி மழையோடு வரும் துலாவர்ஷ இடி மாலையில்தான் இறங்கும். ஒரு வருடம் பழைய மோடமும் டிவியும் ஒரே மின்னல் வெட்டில் கருகின. எங்கள் பக்கத்தில் வீட்டைப் பூட்டும்போது பிளக்கெல்லாம் பிடுங்கிப் போடாதவர் யார்?

"ஊரணும், அது வேணும். திரிச்சு வந்து எதை ஆதியம் பிளக்குல குத்துவீங்க?"

"மேல ஒள்ளத. பிள்ள அங்க இருக்காளே."

அவர் சிரிக்கவில்லை. சிரித்திருக்கலாம். "அது முழிச்சுப் பாக்கும்போ படியில ஒள்ளது உறங்குகது. பின்ன கீழ ஒள்ளதத்தான் கான்கிரீட்டு வழியா எட்டிப் பிடிக்கும். பிடிச்சத அது விடாது. கீழயிருந்து ஒவ்வொண்ணா குத்திட்டு மேல வாங்க, சாறே. அவ்வளவுதான்."

அவ்வளவுதான். மாணவர்களுக்குச் சோதனையின் படிகளை வரிசையாகக் கரும்பலகையில் எழுதிப்போடுகிறவன் நான். பிள்ளைக்கு ஒரு நிமிடம் மிச்சப்படுத்துகிறேன் என்று தினமும் அவசரமாக மேலே ஓடி, அவளுடைய அம்மாவை நானே நிறுத்தி வைத்திருக்கிறேன்.

மறுநாள் கீழே போட்டேன், விளக்கு நிலைக்கும்வரை காத்திருந்தேன். படியில் போட்டேன், காத்திருந்தேன். பிறகு மேலே. அழைப்பு வந்தது. மனைவியின் முகம் தெளிவாக இருந்தது, கோட்டில் விழுந்த மழைத்துளிகூடத் தெரிந்தது.

மகள் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "சோறு தின்னேன், ஹோம்வொர்க் உண்டு, சண்ட போடல, உம்மா," என்று ஒரே மூச்சில் சொன்னாள். போனை என்னிடம் நீட்டினாள். "முடிஞ்சு அப்பா," என்று சொல்லிவிட்டுக் கீழே விளையாடப் போய்விட்டாள். அம்மா நிற்பதற்குள் சொல்லி முடிக்கப் பழகியிருக்கிறாள். அதற்கு மேல் அம்மாவிடம் பேச அவளிடம் ஒன்றும் இல்லை.

இன்னும் பத்தொன்பது நிமிடம் இருந்தது. மனைவி திரையில் மகளைத் தேடிக்கொண்டிருந்தாள். "எங்க போனா? கூப்பிடுங்க," என்றாள். கூப்பிட்டும் மகள் வரமாட்டாளோ என்று எனக்குப் பயமாக இருந்தது. சிவப்புப் பொத்தானை அழுத்தினேன். 'நெட் போயிட்டு' என்று செய்தி அனுப்பினேன்.

உடனே பதில் வந்தது. 'சாரமில்ல, பரவால்ல. அம்மா கட் பண்ணினது இல்லன்னு பிள்ளகிட்ட சொல்லுங்க.'