குளியலறை வாசலில் என் அண்ணன்

என் அண்ணன் ஓய்வு பெறும் வரைக்கும் பஸ் கண்டக்டராக இருந்தவர். ஓடுகிற பஸ்ஸில் கம்பியைத் தொடாமல் முன்னும் பின்னும் நடப்பார். அவர் "ரைட்" என்று குரல் கொடுத்தால் தெருவில் படுத்திருக்கிற நாய்கூட எழுந்து நடக்கும் என்று அண்ணி கேலி செய்வார்.

அவருக்குத்தான் நடுக்குவாதம் வந்தது. டாக்டர் பார்க்கின்சன் என்றார். முதலில் கை நடுங்கியது. அதைச் சட்டைப் பைக்குள் ஒளித்துக்கொண்டார். அப்புறம் குரல் தேய்ந்தது, முகம் இறுகியது. பொத்தான் போட, சோறு அள்ள, புரண்டு படுக்க, எல்லாவற்றுக்கும் ஆள் தேவைப்பட்டது. குளியலறைக்கு மட்டும் துணையில்லாமல் போய் வருவார். அந்த ஒன்றை யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.

ஆனால் அந்த வாசலுக்கு வந்ததும் கால் இரண்டும் தரையோடு ஒட்டிக்கொள்ளும். தங்கை என்னையும் சேர்த்து வீடு நிறைய ஆள், குளியலறை ஒன்று. பின்னால் துண்டோடு மருமகள் நிற்பாள்.

"மாமா, உள்ள போறீங்களா, வெளிய வர்றீங்களா? எனக்கு நேரமாச்சு."

"இந்த வண்டி பஞ்சர்ம்மா. பின்னால வர்றதுல ஏறிக்கோ."

பக்கத்தில் இருந்த எனக்கு மட்டும்தான் அது கேட்டது. நான் உரக்கச் சொன்னதும் அவள் சிரித்துவிட்டாள். "இதைச் சிரிச்சுக்கிட்டே சொல்லக் கூடாதா மாமா? முறைக்கிறீங்களோன்னு பயந்துட்டேன்." அவர் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். முகம்தான் கூட வரவில்லை.

ஒரு நாள் பேத்தி விளையாட்டாக, "தாத்தா, ரைட்! போலாம்!" என்றாள். ஒட்டியிருந்த கால் சட்டென்று எழும்பியது. குரலோ தாளமோ கேட்டால் சிலருக்கு அப்படிக் கால் வரும் என்று டாக்டரும் சொன்னார். நான் ஆண்டவனிடம் பெரிதாக எதுவும் கேட்கவில்லை. இது மட்டும் நிலைக்கட்டும் என்று கேட்டேன். சில மாதம் நிலைத்தது.

அப்புறம் ஒரு நாள் காலையில் எல்லாருக்கும் அவசரம். அண்ணன் வாசலில் நின்றுவிட்டார். சவரம் செய்துகொண்டிருந்த மகன் "ரைட்" என்றான். அடுப்படியிலிருந்து மருமகள் "ரைட் மாமா" என்றாள். பல் துலக்கிக்கொண்டே பேத்தி "ரைட், ரைட்!" என்றாள். அண்ணி, "போங்களேன், ரைட்!" நானும் சொன்னேன். நாலு பக்கமும் விசில் அடித்தால் எந்த வண்டி ஒழுங்காகக் கிளம்பும்? உடம்பு முன்னால் போனது, கால் வரவில்லை. மரம் சாய்கிற மாதிரி விழுந்தார். நெற்றி கிழிந்தது. துணி நனைந்துவிட்டது. வெளியே பள்ளிக்கூட வேன் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. மருமகள் அழுதபடி பேத்தியைத் தூக்கிக்கொண்டு அவரைத் தாண்டிப் போனாள். அவளையும் குறை சொல்ல முடியாது.

சாயங்காலம் மகன், நடுவில் ஓட்டையும் கீழே சட்டியும் வைத்த நாற்காலி ஒன்றை வாங்கி வந்தான்.

"நான் நடந்தே போறேன்டா" என்றார் அண்ணன். அது அவன் காதில் விழவில்லை. நான்தான் எடுத்துச் சொன்னேன்.

"நீங்க சும்மா இருங்க அத்தை. மறுபடி விழுந்து இடுப்பு போச்சுன்னா யாரு பார்க்கிறது?" என்றான். சொல்லிவிட்டு அப்பாவின் நெற்றிக் கட்டைச் சரிசெய்தான்.

அறைகளில் இடமில்லை. கூடத்து மூலையில் கயிறு கட்டி, போர்வையைத் தொங்கவிட்டு, அதற்குப் பின்னால் நாற்காலியைப் போட்டார்கள்.

அண்ணிக்குக் குனிய முடியாது. நான்தான் அண்ணனை உட்கார வைத்தேன். போர்வைக்கு அந்தப் பக்கம் டிவி ஓடியது, தட்டுகள் சத்தம் போட்டன, பேத்தி வாய்ப்பாடு ஒப்பித்தாள். அண்ணன் ஏதோ சொன்னார். காதைக் கொண்டுபோனேன்.

"கதவைச் சாத்து."

போர்வையின் ஓரத்தைச் சுவரோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு திரும்பி நின்றேன். அவருக்கு வரவில்லை. வெகுநேரம் கழித்து, "எழுப்பி விடு" என்றார்.

மறுநாளிலிருந்து அண்ணன் தண்ணீர் குடிப்பதில்லை. மாத்திரைக்குக்கூட வேண்டாம் என்கிறார். டம்ளரை உதட்டில் வைத்தால் பல்லைக் கடித்துக்கொள்கிறார்.