அமீர்பேட்டில் நாலு மாடி, நாலு நாடு

ஒரே சனிக்கிழமையில், பாஸ்போர்ட் இல்லாமல், முழங்கால் வலியோடு நான்கு நாடுகளைச் சுற்றி வந்த முதல் தமிழன் நான்தான். நம்பாதவர்கள் என் முழங்காலிடம் கேட்டுக்கொள்ளலாம். போன மாதம், அதாவது 2010 பிப்ரவரியில், ஹைதராபாத் போய் வந்த கதை இது. வெளிநாட்டில் படிக்க எந்த நாட்டைத் தேர்ந்தெடுப்பது என்று தேடி இந்தப் பக்கத்தில் வந்து மாட்டிக்கொண்டவர்களுக்கும் கொஞ்சம் பயன்படும்.

குகட்பள்ளி ஹவுசிங் போர்டு காலனியில் என் தங்கை சாந்தி இருக்கிறாள். அவள் மகள் பவானி பி.பார்ம் கடைசி வருடம். மேற்படிப்புக்கு எந்த நாடு என்று உட்கார்ந்து பேச அவளுக்கு அப்பா இல்லை. போன ஆகஸ்டில் ஜீடிமெட்லா மருந்துக் கம்பெனியில், வேலை நேரத்திலேயே மாரடைப்பில் போய்விட்டார். காது குத்துவதற்கு மடி கொடுத்த தாய்மாமன், கண்டம் தாண்டுவதற்கும் வந்து நிற்க வேண்டும் என்று சாந்தி போனில் சொல்லிவிட்டாள். என் தகுதி என்ன? பெரம்பூரைத் தாண்டி நான் பார்த்த வெளிநாடு பாண்டிச்சேரி மட்டும்.

சென்னை சென்ட்ரலில் மாலை ரயில் ஏறினால் காலை எட்டு மணிக்குள் செகந்திராபாத். பெட்டியில் பாதிப் பேர் மடியில் லேப்டாப் பை. குழந்தையைக்கூட அப்படிக் கட்டிக்கொண்டு தூங்கி நான் பார்த்ததில்லை. குகட்பள்ளியில் குளித்து, இட்லியைக் கணக்கில்லாமல் சாப்பிட்டுவிட்டு, நானும் பவானியும் அமீர்பேட் பஸ் பிடித்தோம். ஒன்பது கிலோமீட்டர், எட்டு ரூபாய், ஒரு மணி நேரம். மூசாப்பேட்டையில் பஸ் நின்ற நேரத்தில் ஒருவன் பிறந்து, வளர்ந்து, இன்ஜினியராகி இறங்கிப் போயிருக்கலாம்.

அமீர்பேட்டைத் தெரியாதவர்களுக்கு: அங்கே சுவரே கிடையாது, போர்டுகள்தான் கட்டடங்களைத் தாங்கி நிற்கின்றன. கம்ப்யூட்டர் கோர்ஸ், விசா, மறுபடி கம்ப்யூட்டர் கோர்ஸ். நாங்கள் போன கட்டடத்தில் மாடிக்கு ஒரு கன்சல்டன்சி, கன்சல்டன்சிக்கு ஒரு நாடு. முதல் மாடி ஆஸ்திரேலியா, இரண்டாவது பிரிட்டன், மூன்றாவது அமெரிக்கா, நாலாவது சிங்கப்பூர். நான் லிஃப்ட் பட்டனை அழுத்தினேன்.

"நக்கோ, வேணாம் மாமா, அது எப்பவோ செத்துப் போச்சு. நடங்க."

ஆஸ்திரேலியாவில் ஏ.சி. நன்றாக இருந்தது. ஒரு பெண் கங்காரு படம் போட்ட புத்தகத்தைக் கையில் கொடுத்து, பார்ட் டைம் வேலை, படிப்பு முடிந்தால் எத்தனை வருடம் தங்கலாம் என்றெல்லாம் தெலுங்கிலும் இங்கிலீஷிலும் பொழிந்தாள். தாய்மாமன் தோரணையில் நான் தலையாட்டினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுப் பவானி ஒன்றே ஒன்று கேட்டாள்: அவசரம் என்று வீட்டிலிருந்து போன் வந்தால், கிளம்பி இந்தக் குகட்பள்ளி வாசலுக்கு வந்து சேர எத்தனை மணி நேரம்? அந்தப் பெண் இப்படி ஒரு கேள்வியைக் கேட்டதே இல்லை போல. பதினெட்டு, இருபது ஆகலாம் என்றாள்.

பிரிட்டனில்தான் எங்கள் காரியமே. ஸ்காட்லாந்தில் ஒரு பல்கலைக்கழகம் அவளுக்கு ஏற்கனவே இடம் கொடுத்திருந்தது. மருந்து வேதியியல். அவள் ஆசைப்பட்ட படிப்பு, அவள் அப்பா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்த படிப்பு. அங்கேயும் அதே கேள்வி. எங்கேயாவது விமானம் மாற வேண்டும், கனெக்‌ஷன் கிடைப்பதைப் பொறுத்தது என்றார் அங்கிருந்தவர். கனெக்‌ஷன் என்ற சொல்லைக் கேட்டதும் பவானி பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவள் அண்ணன் முரளி அமெரிக்காவில் இருக்கிறான். அப்பா போன செய்தி கேட்ட உடனே கிளம்பினான். நடுவில் புயல், ஒரு கனெக்‌ஷன் போயிற்று. மகன் வந்து முகம் பார்க்காமல் எடுக்கக் கூடாது என்று சாந்தி பிடிவாதமாக இருந்தாள். ஐஸ் பெட்டியில் இரண்டு நாள். கரண்ட் போனபோதெல்லாம் காலனிக்காரர்கள் ஜெனரேட்டர் இழுத்து வந்தார்கள். மூன்றாம் நாள் காலையில் அவர்களே தயங்கித் தயங்கி, இனி முடியாதம்மா என்றார்கள். பவானிதான் கொள்ளி வைத்தாள். முரளி சாயங்காலம் வந்தபோது வீடு கழுவிக் காய்ந்திருந்தது. கதவைத் திறந்துவிட்டதும் அவள்தான்.

அமெரிக்காவுக்குள் அவள் நுழையவே இல்லை. வாசலில் நான் மூச்சு வாங்கிக்கொண்டேன், அவ்வளவுதான். சிங்கப்பூரில் நல்ல சுருக்கமான பதில்: நேர் விமானம், நாலு மணி நேரம் சொச்சம்.

கீழே இரானி ஹோட்டலில் டீ சொன்னேன். ஸ்காட்லாந்துக்காரன் கூப்பிட்டு இடம் கொடுக்கிறான், சிங்கப்பூர் மாடியில் கொடுத்த பட்டியலில் அந்தப் படிப்பே இல்லையே என்றேன். அவள் பிஸ்கட்டை டீயில் முக்கி, அது உடைந்து விழும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பாவை ரெண்டு நாள் நான்தான் பக்கத்துல உக்காந்து பாத்தேன் மாமா. அந்தப் பெட்டிக் கண்ணாடில தண்ணி தண்ணியா வரும், தொடைச்சுக்கிட்டே இருக்கணும். அம்மாவை அப்படி வைக்கக் கூடாது."

என் பிஸ்கட்டை அவள் பக்கம் நகர்த்தினேன்.

வீட்டுக்கு வந்து, பவானி மொட்டை மாடிக்குத் துணி எடுக்கப் போன நேரத்தில் சாந்தியிடம் சொன்னேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து கையை நீட்டினாள்.

"எனக்கு ஒண்ணுன்னா யாருக்காகவும் வைக்காதேண்ணே. அன்னைக்கே எடுத்துரு. சத்தியம் பண்ணு."

நான் உனக்கு ஏழு வயது மூத்தவன், வரிசையில் முன்னால் நிற்கிறவன், நீ எப்படி இடையில் புகலாம் என்று சொல்லிப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை. கையையும் எடுக்கவில்லை. கையில் அடித்துச் சத்தியம் செய்து கொடுத்தேன்.

சாப்பிடும்போது இதைச் சாந்தி நல்ல சேதி சொல்கிற முகத்தோடு மகளிடம் சொன்னாள். இனி நீ மணி பார்க்க வேண்டாம், நிம்மதியாக ஸ்காட்லாந்துக்குப் போ என்றாள். கோட்டி கடைத்தெருவில் ஒரு நடைபாதைக் கடையில் டிசம்பரிலேயே வாங்கி வைத்திருந்த நீல ஸ்வெட்டரையும் எடுத்து வந்து காட்டினாள். பவானி சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

மறுநாள் காலை என் பையை எடுத்து வைக்க உதவினாள். "மாமா, நீங்க சத்தியத்தை மீறுவீங்களா?"

"உலகத்துல மத்த எல்லாத்தையும் மீறியிருக்கேன். இதை மாட்டேன்."

"அப்போ சிங்கப்பூர்தான். காலைல போன் வந்தா சாயங்காலத்துக்குள்ள வந்துருவேன். நீங்க காத்திருக்க மாட்டீங்கள்ல."

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது. சாந்தி வெளியே வரவில்லை.

என்ன படிக்கப் போகிறாள் என்று கேட்காதீர்கள். ஏதோ மேனேஜ்மென்ட்.

ஆகவே, பயணத்தைத் திட்டமிடும் அன்பர்களுக்கு என் ஆலோசனை: அமீர்பேட்டுக்கு ஷேர் ஆட்டோவைவிட பஸ் மேல். சனிக்கிழமை பதினொன்றுக்கு முன்னால் போய்விடுங்கள். ரேங்கிங், விசா, வேலை எல்லாவற்றுக்கும் மாடியில் பதில் சொல்வார்கள். ஆனால் மாடி ஏறும் முன் வீட்டில் பேசிவிட்டுப் போங்கள். பேசினாலும் சரியாகிவிடும் என்று நான் உறுதி தரவில்லை, நாங்கள் பேசினோம்.

திரும்பும் ரயிலில் குளிர் அதிகம். போர்வை எடுத்துச் செல்லவும். நான் எடுத்துப் போகவில்லை. ஸ்டேஷனுக்குக் கிளம்பும்போது சாந்தி என் பையில் அந்த நீல ஸ்வெட்டரைத் திணித்துவிட்டாள், இனி இங்கே யாருக்கு என்றாள். பவானி அளவு. என் தோளைத் தாண்டி இறங்கவில்லை. கழுத்தில் சுற்றிக்கொண்டு குண்டூர் வரை விழித்திருந்தேன்.