கடதாசிச் சுவர்

கொழும்பில் என் மருமகன் சென்ற வருடம் வீடு கட்டினார். வரைபடம் போட்ட இளைஞர், மண்டபத்தையும் அறையையும் பிரிக்கும் கதவை ஒரு விரலால் தள்ளிக் காட்டினார். அது சுவருக்குள் வழுக்கிப் போனது. "ஜப்பான்காரர் வீட்டு முறை, அம்மா. இப்ப உலகம் முழுக்க இதைப் பார்த்துத்தான் கட்டுறாங்க" என்றார். நல்லது என்றேன்.  வெள்ளைக்காரன் காலத்திலேயே மன்னார்த் தீவில் எங்கள் வீட்டில் அப்படி ஒன்று இருந்தது. நாற்பது நாள் இருந்தது.

செய்தவர் மாமா, உம்மாவின் தம்பி. கப்பலில் தச்சு வேலை. கப்பல் பழுதாகி ஜப்பானில் கோபே துறைமுகத்தில் மாதக்கணக்கில் கிடந்தபோது அந்த ஊர் வீடுகளைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். ஆண்கள் அமரும் முன்மண்டபத்துக்கும் பெண்களின் அறைக்கும் நடுவே இருந்த மண்சுவரை இடித்து, மெல்லிய மரச்சட்டங்களில் கடதாசி ஒட்டித் தள்ளுகதவு வைத்தார்.

"தம்பி, சுவர் வைக்கிறியா, பட்டம் ஒட்டுறியா?" என்றார் உம்மா.

"ஆளைக் காட்டாது, வெளிச்சத்தை விடும். வெக்கைக்குத் திறந்தால் ரெண்டும் ஒரே அறை. இருந்து பாருங்கோ."

உண்மைதான். பகலிலும் இருண்டு கிடந்த அந்த அறையில் உம்மா முதல்முறையாக விளக்கில்லாமல் அரிசியில் கல் பொறுக்கினார்.

அந்த நாட்களில் ராத்தாவுக்கு, என் மூத்த சகோதரிக்கு, ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை முசலிப் பக்கத்து வியாபாரி. மனைவி மௌத்தாகி, தாயில்லாத மூன்று பிள்ளைகள். வாப்பா சம்மதித்துவிட்டார். ராத்தாவிடம் யாரும் கேட்கவில்லை. அவள் என்னுடன் விளையாடிக்கொண்டிருந்தாள். ஒரு மாலை அறையில் லாம்பைக் கொளுத்திக் கடதாசிக் கதவை மூடிவிட்டு, என்னை மண்டபத்து இருட்டில் நிறுத்தினாள்.

"எத்தனை விரல் காட்டுறன், சொல்லு?"

"அஞ்சு!"

"இப்ப?"

"ரெண்டு!"

ஒன்றிலும் நான் பிழைவிடவில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மாப்பிள்ளையின் தகப்பனார், தாடி வைத்த பெரியவர், இரண்டு பேருடன் வந்தார்; ராத்தா கதவிடுக்கால் அவரைப் பார்த்தாள். தேநீர் கொண்டுபோனவள் நான். பொழுது சாய, மஃரிப் தொழுதுவிட்டு வந்து அமர்ந்தார்கள். மண்டபத்துக்கு லாம்பு வரவில்லை. உம்மா குசினியில் சமைத்துக்கொண்டிருந்தார். அறைக்குப் போய் ராத்தாவிடம் கேட்டேன். "திரி வெட்டிப்போட்டுத் தாறன், நீ போ" என்றாள்.

நான் திரும்பி வந்தபோது கடதாசியில் அவளுடைய நிழல் எழுந்தது. இல்லாத தாடியைத் தடவியது. வெற்றிலையை அசைபோட்டு, கழுத்தை நீட்டித் துப்பியது. கதிரையில் அமர்ந்திருந்த பெரியவரும் அதையேதான் செய்துகொண்டிருந்தார். நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். வாப்பா இருமினார். நிழல் நிற்கவில்லை.

"நிழலே இவ்வளவு கதைக்குதெண்டால், பிள்ளை எவ்வளவு கதைக்கும்?" என்று பெரியவர் எழுந்தார். தேநீர் பாதியில் நின்றது.

ராத்தாவை ஒருவரும் ஏசவில்லை. நிழல் விழும் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? பழி மாமாவின் தலையில் விழுந்தது. "வீட்டு மானத்தைக் கடதாசிக்குள்ள வச்சிட்டாய்" என்றார் வாப்பா.  மறுநாள் காலை மாமா சட்டங்களைக் கழற்றினார். ஓர் ஆணிகூட அடிக்காத வேலை; சத்தமில்லாமல் கழன்று வந்தன.

ராத்தா மூலையில் நின்று அழுதாள். மாப்பிள்ளை போய்விட்ட கவலை என்று நினைத்தேன். அவளைச் சிரிக்கவைக்க, தூரத்திலிருந்து என் ஐந்து விரல்களையும் விரித்துக் காட்டினேன். அவள் ஓடி வந்து என் கையைப் பிடித்து மூடினாள். மாமா பார்த்துவிடுவாரோ என்று அவள் ஏன் அப்படிப் பயந்தாள் என்பது எனக்கு அன்று விளங்கவில்லை.