"அப்படி ஒருத்தி இங்கன கெடையாது சாப்!"

அந்த சொல்யூஷன் வாசனை இன்னும் மூக்கை விட்டுப் போகவில்லை... தோல் பை ஒட்டுகிற பசையைத் தாராவியில் நாங்கள் அப்படித்தான் சொல்வோம். பை தைக்கிற கார்கானாவின் மாடிப்படி ஏறும்போதே தலை கிறுகிறுக்கும். அங்கே எனக்கு டைப்பிங் வேலை. எந்தப் பெட்டியில் எத்தனை பை, எந்த ஊருக்கு என்று லிஸ்ட் அடிப்பேன். ஹாம்பர்க், மிலான்... போகாத ஊருக்கு வழி சொன்னவள் நான்!

ஒரு திங்கட்கிழமை சேட் எல்லோரையும் கூப்பிட்டார்.

"வெளிநாட்டுப் பார்ட்டி ஆர்டரைச் சீனாவுக்குக் கொடுத்துட்டான்."

அவ்வளவுதான். அன்றோடு எல்லோருக்கும் வேலை போயிற்று. உலகமயமாக்கல் என்று பெரிய பெரிய ஆட்கள் பேசும்போதெல்லாம், எனக்கு அன்றைக்கு எல்லோரும் ஒன்றாக இறங்கிய அந்தப் படியில் என் செருப்பைத் தேடியதுதான் ஞாபகம் வரும்.

அப்புறம் எட்டு மாதம் ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கினேன். பயோடேட்டாவில் விலாசத்தைப் பார்த்ததும், "தாராவியா?" என்பார்கள். "சொல்லி அனுப்புகிறோம்" என்பார்கள். ஒருத்தரும் சொல்லி அனுப்பவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

எங்கள் சந்தில் படித்தவர்கள் இதற்கு ஒரு கைவைத்தியம் வைத்திருந்தார்கள். பக்கத்திலேயே வசதியான ஆட்கள் இருக்கும் மாட்டுங்காவில், தெரிந்த வீட்டு விலாசத்தைப் போட்டுவிடுவது! நானும் என்னோடு படித்த வசந்தியின் வீட்டு விலாசத்தைப் போட ஆரம்பித்தேன்.

அந்தச் சமயத்தில்தான் டிராம்பே பக்கம் ஒரு அரசு கம்பெனி, பல வருஷம் கழித்து ஆள் எடுத்தது. பரீட்சை எழுதினேன், பாஸானேன். இன்டர்வியூவும் முடிந்தது. வேலை கிடைத்துவிட்டது என்று கடிதம் மாட்டுங்காவுக்கு வந்தது. கையில் வாங்கி அழுதேன். கடைசி வரியைப் பிறகுதான் படித்தேன். போலீஸ் வெரிஃபிகேஷன் உண்டு, கொடுத்த தகவல் பொய்யென்றால் வேலை ரத்து.

ஐயோ!

நாலாம் நாள் சந்து முனைக் கடைக்கு வசந்தியின் அம்மா போன் போட்டார்.

"ஏண்டி எஸ்தர், போலீஸ்காரர் வந்துட்டுப் போனார். எனக்குப் பொய் சொல்ல வரலைடி. நீ தாராவியில இருக்கேன்னு சொல்லிட்டேன். விலாசமும் எழுதிக் கொடுத்தேன்."

"சரி மாமி" என்று போனை வைத்தேன். உள்ளே அப்படி ஒரு ஆத்திரம். ஒரு பொய் சொன்னால் குறைந்தா போய்விடுவார்!

மறுநாள் காலை, வீட்டுக்குள் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். வெளியே ஹிந்தியில் ஒரு ஆண் குரல்... "எஸ்தர் ராணி யஹான் ரெஹ்தி ஹை க்யா?" நான் இங்கேதான் இருக்கிறேனா என்று கேட்கிறார்.

எங்கள் சந்தில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. காக்கிச்சட்டை வந்து யார் பேரைக் கேட்டாலும், அந்த ஆள் அங்கே கிடையாது.

"நஹி சாப்! அப்படி ஒருத்தி இங்கன கெடையாது சாப்!" இது எதிர்வீட்டுத் தங்கக்கனி அக்கா.

"ஊருக்குப் போயிட்டா!" அடுத்த வீடு.

"துபாய்ல கெட்டிக்குடுத்தாச்சு!" அதற்கும் அடுத்த வீடு.

எட்டு மாதம் அலைந்து வாங்கிய வேலையை மூன்று பேரும் சேர்ந்து பாசத்தோடு அழித்துக்கொண்டிருந்தார்கள்! சோப்புக் கையோடு வெளியே ஓடினேன்.

"ஏட்டி, உள்ள போட்டி! போலீசு வந்திருக்கான்!" என்று அக்கா பல்லைக் கடித்தாள்.

"மே ஹி ஹூன் சாப்! நான்தான்! நான்தான் எஸ்தர்!"

கான்ஸ்டபிள் தொப்பியைக் கழற்றி வேர்வையைத் துடைத்தார். "மாட்டுங்கா போனால் தாராவி என்கிறார்கள், தாராவி வந்தால் துபாய் என்கிறார்கள். நீ எங்கேதான் இருக்கிறாய்?" என்று ஹிந்தியில் கேட்டார்.

எல்லாவற்றையும் சொன்னேன், அந்தத் "தாராவியா?" உட்பட. வெட்கத்தில் அழுகை வந்தது. ரேஷன் கார்டைப் பார்த்தார். "கம்பெனிக்கு இன்றைக்கே உண்மையை எழுதிப் போடு. நான் பார்த்ததை நான் எழுதுகிறேன்" என்றார். அக்கம்பக்கத்தில் ரெண்டு சாட்சிக் கையெழுத்து வேண்டுமாம்.

தங்கக்கனி அக்கா முன்னால் வந்தாள். "நான் போடுதேன் சாப். பொறந்ததுல இருந்து தெரியும்லா!"

அவர் அக்காவை ஒரு பார்வை பார்த்தாரே... பிறகு சிரித்துவிட்டார்.

அன்றைக்கே கம்பெனிக்கு உண்மையை எழுதிப் போட்டேன். மூன்று வாரம் கழித்துக் கம்பெனியிலிருந்து, வேலையில் சேரும் தேதியோடு கடிதம் வந்தது. இந்த முறை தாராவிக்கே வந்தது. கவரைப் பிரிக்காமல், மேலே அடித்திருந்த எங்கள் சந்துப் பேரைத் தடவிக்கொண்டே இருந்தேன்.

வருஷங்கள் ஓடிவிட்டன. இப்போது நவி மும்பை நெருளில் ஃபிளாட். அதே கம்பெனியில் இன்னும் இருக்கிறேன். மகளுக்கும் அரசு வேலை கிடைத்திருக்கிறது. போன வாரம் அவளுக்காகப் போலீஸ் வெரிஃபிகேஷனுக்கு வந்தபோது நாங்கள் வீட்டில் இல்லை. எதிர் ஃபிளாட்டில் கேட்டதற்கு, "தெரியாது" என்றார்களாம்.

நாலு வருஷமாக எதிரெதிர் கதவு. அவர்கள் பொய் சொல்லவில்லை... அதுதான் சுருக்கென்றது.

அன்று சாயங்காலமே ஒரு டப்பா லட்டோடு அந்தக் கதவைத் தட்டினேன். "நான் எஸ்தர். எதிர் வீடு." அந்த மராத்தி அம்மாள் உள்ளே கூப்பிட்டு டீ கொடுத்தார். ஒரு மணி நேரம் பேசினோம்.

நேற்றுக் கான்ஸ்டபிள் மறுபடி வந்தார். அவர் எங்கள் பெல்லில் கை வைக்குமுன்னே எதிர்க்கதவு திறந்தது.

"இருக்காங்க, இருக்காங்க! எனக்கு நல்லாத் தெரியும்!" என்று ஹிந்தியில் ஒரு சத்தம்.

மூன்றே நாள் பழக்கம்!