கனகவல்லியின் சொந்தக் கையெழுத்து

ரயில் பெட்டியின் சக்கரத்தைச் சுற்றிவிட்டு, அருகில் காதை வைத்து, எந்த பேரிங் இன்னும் ஒரு மாதத்தில் போகும் என்று சொல்லக்கூடிய ஆள் எங்கள் ஒர்க்‌ஷாப்பில் ஒருவர்தான். கனகவல்லி அக்கா. அப்பா வேலையில் இருக்கும்போதே இறந்துபோனதால் கருணை அடிப்படையில் சேர்ந்தவர். இருபத்திரண்டு வருஷமாக செகந்திராபாத் ரயில்வே குவார்ட்டர்ஸ்வாசி. நோட்டீஸ் போர்டில் ஒட்டும் சர்க்குலரை மட்டும் அவரால் படிக்க முடியாது. எழுத்துகள் ஓரிடத்தில் நிற்காமல் அலையும் என்பார். படிக்கத் தெரிந்த நாங்களெல்லாம் கூடி அவருக்குச் சோம்பேறி என்று பெயர் வைத்திருந்தோம். ஒரு ஷிப்டில் பதினாறு சக்கரம் பார்க்கிற சோம்பேறி.

சீனியர் டெக்னீஷியன் பதவிக்கான எழுத்துத் தேர்வில் அவர் நான்கு முறை தோற்றார். அவரிடம் வேலை கற்ற நாங்கள் பாஸாகி அவருக்கு மேலே போனோம். எனக்குச் சந்தேகம் வந்தால் இன்றும் அவரைத்தான் கூப்பிடுகிறேன். அவர் கேட்டுச் சொல்வார், ரிப்போர்ட்டில் நான் கையெழுத்துப் போடுவேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, பதவியைத் திருப்பிக் கொடுக்கிற அளவுக்கு இல்லை. ஐந்தாவது முறையும் தோற்றால் பதவி உயர்வுப் பட்டியலிலிருந்து அவர் பெயரையே எடுத்துவிடுவார்கள்.

போன வருஷம் அவர் மகள் ஸ்மிதாவுக்கு டிஸ்லெக்சியா இருப்பதாகப் பள்ளியில் சொன்னார்கள். டாக்டர் அம்மாவையும் சோதித்துவிட்டு, இவருக்கும் அதேதான் என்று சர்டிபிகேட் கொடுத்தார்.

"நாப்பத்தாறு வயசுல, நான் முட்டாள் இல்லேன்னு எழுதிக் குடுத்திருக்காங்க கோபி," என்று என்னிடம் காட்டினார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார், ஆனால் கண் கலங்கியிருந்தது.

விஷயம் பரவியதும் ஒர்க்‌ஷாப்பே டாக்டராகிவிட்டது. ஒருவர் வல்லாரைக் கீரை சிபாரிசு செய்தார். ஒருவர் அமீர்பேட்டில் எதையும் நாற்பது நாளில் கற்றுத்தரும் இன்ஸ்டிட்யூட் ஒன்றின் நம்பர் கொடுத்தார். "அது சின்னப் பசங்களுக்கு வர்றதுதானே, கல்யாணம் ஆனா சரியாயிருக்கணுமே," என்றார் இன்னொருவர். வேறொருவர் இது ஒட்டுமா என்று விசாரித்துவிட்டு, தன் டீ கிளாஸைத் தள்ளி வைத்துக்கொண்டார்.

நிர்வாகமும் சும்மா இருக்கவில்லை. விழிப்புணர்வு நாள் கொண்டாடியது. பேனர், சமோசா, உறுதிமொழி எல்லாம் உண்டு. உறுதிமொழியை வாசிக்க, பொருத்தமாக இருக்கும் என்று அக்காவையே மேடைக்குக் கூப்பிட்டார்கள். அவர் தாளை வாங்கிப் பார்த்தார். "நீங்களே படிங்க சார், எனக்கு ரெண்டு சக்கரம் பாக்கி இருக்கு," என்று திருப்பிக் கொடுத்துவிட்டு இறங்கிப் போனார். அடக்கமான பெண்மணி என்று எல்லோரும் கைதட்டினார்கள்.

சர்டிபிகேட் இருந்தால், தேர்வில் நாம் சொல்லச் சொல்ல எழுத ஓர் ஆளை வைத்துக்கொள்ளலாம். அதற்கு ஆறு பக்க விண்ணப்பம். அதன் தலையில் முதல் விதி: விண்ணப்பதாரர் தம் சொந்தக் கையெழுத்தில் நிரப்ப வேண்டும். இதை யோசித்தவருக்கு நிச்சயம் பதவி உயர்வு கிடைத்திருக்கும்.

அக்கா மூன்று ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து நிரப்பினார். ஹெட் கிளார்க் வெங்கடகிருஷ்ணன் பதினேழு இடத்தில் சிவப்பு வட்டம் போட்டு, பிழைகள் உள்ளன என்று திருப்பி அனுப்பினார். அடுத்ததை, பக்கத்து வீட்டு டீச்சர் ஜெஸ்ஸி முத்து முத்தாக எழுதிக் கொடுத்தாள். அதுவும் திரும்பி வந்தது. இவ்வளவு அழகாக எழுதுகிறவருக்கு ஆள் எதற்கு என்று கேட்டாராம்.

கடைசி நாள் காலை பத்தரைக்கு அக்கா புது ஃபாரத்தோடு போய் அவர் மேஜைக்கு எதிரே உட்கார்ந்தார். ஊருக்குப் போக ரயில்வே பாஸ் வாங்க, நான் பின்னால் வரிசையில் நின்றிருந்தேன்.

"ஏம்மா, ஆத்துலயே எழுதிண்டு வரப்படாதா?" என்றார் வெங்கடகிருஷ்ணன்.

"நக்கோ சார், வேணாம். அப்புறம் யார் எழுதினதுன்னு கேப்பீங்க. உங்க கண்ணு முன்னாடியே எழுதிடறேன்."

எழுத ஆரம்பித்தார். பெயருக்கு ஐந்து நிமிஷம், அப்பா பெயருக்கு எட்டு. ஒவ்வோர் எழுத்தையும் இடது கை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு அடுத்ததற்குப் போனார். அடித்தார், திரும்ப எழுதினார். நெற்றி வியர்த்தது. பன்னிரண்டு மணிக்கு முதல் பக்கம் முடியவில்லை. வரிசை வாசலைத் தாண்டிவிட்டது, பின்னாலிருந்து "ஜல்தி, ஜல்தி" என்று முணுமுணுப்பு. பதினான்கு வருஷம் கூட வேலை பார்த்திருக்கிறேன், இவர் எழுதுவதை அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பார்த்தேன். சோம்பேறி என்று சொன்ன வாயை வைத்துக்கொண்டு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

ஒரு மணிக்கு இரண்டாம் பக்கத்தில் பாதி. வெங்கடகிருஷ்ணன் கடிகாரத்தைப் பார்த்தார், வரிசையைப் பார்த்தார், திறக்காத டிபன் கேரியரைப் பார்த்தார். பொறுக்க முடியாமல் அக்காவின் கையிலிருந்து பேனாவைப் பிடுங்கினார்.

"குடும்மா இங்கே. நீ வாயால சொல்லு, நான் எழுதறேன். அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சுடும்."

அக்கா மரத்துப்போன விரல்களை உதறிக்கொண்டார்.

"ஹவ் சார், ஆமா," என்றார். "இந்த ஆறு பக்கத்துலயும் நான் கேட்டிருக்கறது அது ஒண்ணுதான்."