சேலத்திலிருந்து புதுச்சேரிக்கு அரை மணி நேரம்

கோர்வையாக எழுத எனக்கு வராது. ஐந்தாவதோடு படிப்பு நின்றுபோனது. எழுதும்போதே பாதி மறந்தும் போகிறது. வாராவாரம் பொறுத்துக்கொள்கிறீர்கள்... இந்த வாரமும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்த ஆடியில் நடந்தது. சேலத்திலிருந்து அக்கா மகன் குமார் போன் செய்தான்.

“சித்தி, அம்மாவுக்கு முட்டி வலி. பஸ்ஸுல உட்கார முடியாது. கூழுக்கு ப்ளேன்ல அனுப்பறேன். இங்கேருந்து பாண்டிச்சேரி ஏர்போர்ட்டுக்கு வானத்துல அரை மணி நேரம்தான். அங்கேருந்து சின்ன சித்தி கார்ல கூட்டிக்கினு வந்துடட்டும்.”

அரை மணி நேரமா! எங்கள் ஆரணியிலிருந்து பக்கத்துக் கண்ணமங்கலம் போகவே அதற்குமேல் ஆகிறதே?

எங்கள் அப்பா தூரத்தைக் கிலோமீட்டரில் சொன்னதே இல்லை. பஸ் கணக்குதான். சேலம் — திருவண்ணாமலையில் மாறினால் ரெண்டு பஸ். புதுச்சேரி — வந்தவாசியில் மாறினால் ரெண்டு பஸ். “ரெண்டு பொண்ணும் ஒரே தூரத்துலதான் கீறாங்க” என்பார் நிம்மதியாக. நான் உள்ளூரிலேயே வாழ்க்கைப்பட்டவள். என்னைக் கணக்கில் சேர்க்கவே மாட்டார்!

கூழ் ஊற்றும் ஞாயிற்றுக்கிழமை நாங்கள் மூவரும் ஆளுக்கொரு சொம்பு மொண்டு ஊற்றின பிறகுதான் தெருவுக்குக் கூழ். அம்மா வைத்த வழக்கம். முதல் நாளே அக்கா வந்திறங்குவாள் — ஜன்னல் காற்றில் தலையெல்லாம் பறந்து, மடியில் மாம்பழக் கூடையோடு. புதுச்சேரித் தங்கை மல்லிகா அதற்கும் முன்பே வந்து, “நான்தான் ஃபர்ஸ்ட்டு” என்று வாசலில் நிற்பாள். கேழ்வரகு மாவைக் கரைத்துக்கொண்டே சிரிப்போம். அந்தச் சிரிப்பெல்லாம் இப்போது எங்கே வருகிறது?

போன வருடம் அக்கா வரவில்லை. அவள் சொம்பையும் நானே ஊற்றினேன். மனசு ஒப்பவே இல்லை. இந்த வருடமும் அப்படி ஆகிவிடக் கூடாதே என்பதுதான் என் கவலை.

இரண்டு நாள் கழித்து மறுபடி குமார். குரல் இறங்கியிருந்தது.

“சித்தி, நேரா ப்ளேன் இல்ல. நான் பார்த்தது ரெண்டு ஏர்போர்ட்டுக்கும் நடுவுல இருக்கற தூரம் மட்டும்தான். பெங்களூரு போயி, காத்திருந்து, வேற ப்ளேன் மாறணுமாம். அம்மா வரலைன்னுட்டாங்க.”

பார்த்தீர்களா... வானத்திலும் ரெண்டு பஸ்தான்!

மல்லிகாவிடம் போனில் சொல்லி அழுதுவிட்டேன். “இன்னாக்கா, இதுக்குப் போய் அழுதுகினு” என்று வைத்துவிட்டாள். எனக்குக் கோபம்தான் வந்தது.

ஞாயிறு காலை. கூழ் ஆறிக்கொண்டிருக்கிறது. வாசலில் தூக்கும் சொம்புமாக வரிசை. “ஆயா, ஜல்தியா ஊத்து... வெயிலு ஏறுதில்ல?” என்று ஆளாளுக்குச் சத்தம். மல்லிகாவையும் காணோம். போனையும் எடுக்கவில்லை. சரி, மூன்றையும் நாமே ஊற்ற வேண்டியதுதான் என்று சொம்பை எடுத்தேன்.

ஒரு கார் வந்து நின்றது. முன் சீட்டில் மல்லிகா. பின் சீட்டில், தலையணைகளுக்கு நடுவே காலை நீட்டிக்கொண்டு... அக்கா! முதல் நாளே புதுச்சேரியிலிருந்து சேலம் போய், அவளை அள்ளிக்கொண்டு வந்திருக்கிறாள் மல்லிகா.

“சொல்லிட்டுப் போனா இன்னாடி?”

“சொன்னா நீ அதுக்கும் அழுவியே!”

தூரத்தைப் போன் சொல்லிவிடுகிறது. கிளம்புவதற்கு ஆள்தானே வேண்டும்?

நாற்காலியோடு அக்காவை அண்டாவுக்கு அருகில் தூக்கி வைத்தோம். முதல் சொம்பை ஊற்றினாள். ஒரு வாய் குடித்துப் பார்த்தாள். “இன்னும் உப்பு போடக் கத்துக்கல நீ” என்றாள். வரிசையே சிரித்தது.

ஊருக்குக் கிளம்பும்போது என் கையைப் பிடித்துக் கேட்டாள்: “ஏண்டி, அடுத்த ஆடிக்குள்ள நேரா ப்ளேன் வுட்டுடுவாங்களா?”

எனக்கென்ன தெரியும்? அந்த அரை மணி நேரக் கணக்கு சரிதானா, நேர் ப்ளேன் எப்போதாவது வருமா என்று யாராவது சரிபார்த்து எழுதுங்கள். அக்கா வருவதாகத்தான் இருக்கிறாள்!